மேசைதான் குடித்திருந்தது

என் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு அதில் விசேஷம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் சப்பை. ஆனால் நான் நடத்துவது சலவைக் கடை. மூட்டையை அவிழ்க்கும்போதே எது வியர்வை, எது எண்ணெய், எது ஆஸ்பத்திரி என்று பிரித்துப் போட்டால்தான் வேலை உருப்படும். ஒரு சட்டைக் காலரை முகர்ந்தால், அதைப் போட்டிருந்தவர் யாரோடு சண்டை போட்டார் என்பதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்ட மூக்கின் கண்ணிலேயே மண்ணைத் தூவிய ஒரே ஆள் என் வீட்டுக்காரர். மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, மரத்தின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்க்கிற பழைய முறை. ஸ்பிரிட் என்பது சாராயத்துக்குக் கூடப்பிறந்தது மாதிரிதான். அவர் வீட்டுக்குள் காலடி வைத்ததுமே அந்த வாடை முன்னால் வரும். கேட்டால், "வேலை வாசம்மா" என்பார். கல்யாணமான புதிதில் நானும் ஐயோ பாவம், உழைக்கிற மனுஷன் என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். வேலைக்கே போகாத நாட்களிலும் வேலை வாசம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன். வேலை வாசம் கையிலும் முழங்கையிலும் உட்கார்ந்திருக்கும், குளிர்ச்சியாக இருக்கும். குடி வாசம் வாயிலிருந்து சூடாக வரும், அடியில் ஒரு புளிப்பு ஒளிந்திருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தினம் ரகளைதான். அவர் போட்ட ஆட்டத்தையும் நான் போட்ட சத்தத்தையும் சொல்லப்போனால் பொழுது விடிந்துவிடும். கடைசியில் நானும் நாத்தனாரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரைக் குடியை மறக்கவைக்கும் மையத்தில் கொண்டுபோய் விட்டோம்.

திரும்பி வந்தார். கண் தெளிந்து, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தார். ஆனாலும் வீட்டுக்குள் விட எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் அக்கா வீட்டிலேயே இருங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். மையத்தில் வேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், வாயை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவர் மறுத்துவிட்டார். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு பாலிஷ் போட ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஆனால் என் கடை வாசலுக்கு வந்து நிற்பார். தேய்த்து அடுக்கிய சட்டைகளுக்கு மேலே குனிந்து, டாக்டரிடம் காட்டுகிற மாதிரி வாயைத் திறந்து ஹா என்று ஊதுவார். நான் மோந்து பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்பேன். நாத்தனார் கொடுத்தனுப்பிய அழுக்குத் துணியை வைத்துவிட்டு, தேய்த்த துணியை எடுத்துக்கொண்டு போவார். வாடிக்கையாளர்கள் எல்லாம் இதற்குப் பழகிவிட்டார்கள். தினம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஹாவுக்குப் பிறகு அவர் ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்க்கும்போது, வேறு எங்காவது பார்த்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை நகர்த்துவேன். பயம்தான், வேறென்ன.

மையத்திலிருந்து வந்தவர்கள் ஒரு கூட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் டிரைவர் அண்ணன். ஒரு காலத்தில் பஸ் ஓட்டினவர். குடியால் லைசென்ஸ் பறிபோய், இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். வண்டியைத் தொட மாட்டார், பலகையில் படம் வரைவதோடு சரி. டிரைவர் அண்ணன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பெரிய சபைக்கு, அதாவது ஊரில் இருக்கிற சர்ச்சுக்கு, போய்ப் பார்த்தார். இவர்கள் உட்காருகிற பெஞ்சில் மட்டும் இடம் தாராளமாக இருக்கும். திருந்திய கதையை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்ல எழுப்பியபோது, பேண்டு வாத்தியத்தில் டிரம்பெட் ஊதுகிறவர் எழுந்தார். ஊதல் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். தான் குடித்த கதையை எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்பது வரை அவ்வளவு ருசியாகச் சொன்னாராம். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எச்சில் விழுங்கினார் என்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்தார்.

நம் ஆட்களுக்கு நாமே ஓர் ஆராதனையை ஆரம்பித்தால் என்ன என்று டிரைவர் அண்ணனுக்கு அப்போதுதான் தோன்றியது. பெரிய சபையின் போதகரிடம் போய்க் கேட்டார். போதகர் நல்ல மனிதர், ஆனால் எதையும் கண்ணால் பார்த்துத்தான் நம்புவார். முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஒழுங்காக நடந்தால் மாதா மாதம் வந்து திருவிருந்து கொடுக்கிறேன், இது எங்கள் சபையின் பிள்ளை என்று எல்லாரிடமும் சொல்கிறேன் என்றார். திருவிருந்தில் அப்பத்தோடு கொடுக்கிற திராட்சை மதுவுக்குப் பதில் வெறும் திராட்சைச் சாறுதான் என்பது பேச்சே இல்லாமல் முடிவானது. எல்லாரும் அந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். வம்பு வேறு வழியாக வரப்போவது யாருக்கும் தெரியவில்லை.

என்னை அழைக்க டிரைவர் அண்ணன் கடைக்கு வந்தார். எனக்கும் கடவுளுக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. அதை அவரிடம் சொன்னேன். கடவுளோடு பேச வேண்டாம், வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போ என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, இன்னும் எத்தனை நாளைக்கு அவனை வாசல்ல நிறுத்தி ஊதச் சொல்லுவ? போலீஸ்காரனே ஒரு தடவை ஊதச் சொல்லிட்டு விட்டுடுறான்."

"போலீஸ்காரன் அவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் குடித்தனம் நடத்த மாட்டான் அண்ணே."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் போகும்போது ஒரு வாக்குக் கொடுத்தேன். ஆராதனைக்கு வருகிறேன். இந்தக் கூட்டம் நிஜமாகவே சுத்தமான கூட்டமா என்று என் மூக்கால் பார்க்கிறேன். சுத்தம் என்றால் அங்கிருந்தே என் வீட்டுக்காரரை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். ஒரே ஒரு வாயில் வாசம் வந்தாலும் அவர் அக்கா வீட்டிலேயே கிடக்கட்டும், திரும்ப அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அவரைச் சுற்றி இருக்கிறவர்கள் எப்படியோ அப்படித்தான் அவரும் ஆவார் என்பது என் கணக்கு. இந்தச் செய்தி அன்று சாயங்காலத்துக்குள் கூட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் ஹா ஊத வந்தபோது என் வீட்டுக்காரருக்கு வாய் உலர்ந்துபோயிருந்தது.

பயிற்சிப் பள்ளியின் வகுப்பறைதான் ஆராதனை இடம். ஞாயிற்றுக்கிழமை அங்கே வகுப்பு கிடையாது. சுவர் முழுக்கப் போக்குவரத்துக் குறிகள். ஊதல் உட்கார வேண்டிய நாற்காலிக்கு மேலே ஹாரன் அடிக்காதே என்ற குறி. பிரசங்கம் செய்கிற இடத்துக்கு நேர் மேலே யூ டர்ன் குறி வருகிற மாதிரி டிரைவர் அண்ணன் மாற்றி மாட்டிக்கொண்டார். பாதிப் பிரசங்கத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார். திருவிருந்துக்கு ஒரு மேசை வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டாக அறுத்து வைத்த இன்ஜின் ஒன்று அங்கே ஒரு மர மேசையில் இருந்தது. இன்ஜினை மூலையில் இறக்கி வைத்தார்கள். மேசை எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்தது. அதைப் புதிதாக்கித் தருவது என் காணிக்கை என்று என் வீட்டுக்காரர் எழுந்து நின்று சொன்னாராம்.

இழைத்து, உப்புத்தாள் போட்டு, பாலிஷ் மேல் பாலிஷாக ஏற்றினார். நான் வருகிறேன் என்பதால் கைக்கு வெறி பிடித்துவிட்டது போல. முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளத்ததாம். சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அரக்குப் பாலிஷுக்கு ஈரக் காற்று ஆகாது, வெள்ளை பூத்துவிடும். ஞாயிறு காலையில் வந்து பார்த்தால் மேசை முழுக்கச் சாம்பல் பூசிய மாதிரி இருந்திருக்கிறது. மனுஷனுக்கு உயிரே போய்விட்டது. ஈரம் வராமல் ஜன்னலையெல்லாம் அடைத்தார். ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றி, வெள்ளையெல்லாம் போகும்வரை தேய் தேய் என்று தேய்த்தார். மேசை திரும்பப் பளபளத்தது. முகத்தில் துணி கட்டியிருந்ததால் அறையின் நிலைமை அவருக்குத் தெரியவில்லை.

நான் படியேறும்போதே என் மூக்குக்குத் தெரிந்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணே கரித்தது. ஜன்னல் மூடிய அறை, இருபது பேர் போல உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தனை பேரும் ஒரு காலத்தில் குடித்தே கெட்டவர்கள், அறையோ சாராயக் கடை மாதிரி மணக்கிறது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்தியாக உட்கார்ந்திருந்தார்கள். போதகர் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பதும் மடிப்பதுமாக இருந்தார். என் வீட்டுக்காரர் மேசைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில், நான் தேய்த்துக் கொடுத்த சட்டை, என்னைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

டிரைவர் அண்ணன் ஜெபத்தோடு ஆரம்பித்தார். பாட்டு ஒன்று போனது. அடுத்து சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம். பெரிய சபையில் தூரத்திலிருந்தே கை கூப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்கிற வழக்கம். கன்னத்தோடு கன்னம் வைத்து, "சமாதானம்" என்று சொல்லி, அப்படியே லேசாக ஒரு மூச்சு இழுப்பார்கள். இது அன்பு என்று டிரைவர் அண்ணன் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். ஒருவரை ஒருவர் மோந்து பார்ப்பதுதான் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. என் தொழிலைத் திருடியிருக்கிறார்களே என்று எனக்கு ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருந்தது, இன்னொரு பக்கம் பிடித்தும் இருந்தது.

அன்றைக்கு அந்தச் சமாதானம் முடிகிற வழியாக இல்லை. ஒருவரை மோந்தவர் சந்தேகமாகி அடுத்தவரிடம் போகிறார், அங்கேயும் அதே வாசம், திரும்ப முதல் ஆளிடமே வருகிறார். மூக்குகள் கன்னத்தில் தேய்கிற சத்தம்தான் கேட்டது. கடைசியில் கூட்டத்தில் இருந்த டீச்சர் ஒருவர் பொறுக்க முடியாமல் நின்றுவிட்டார். இருமல் மருந்துக்கு அடிமையாகி மீண்டவர் அவர். எந்நேரமும் நெற்றியில் தைலம் தடவியிருப்பார்.

"யாரோ குடிச்சிருக்காங்க. திட்டல, சொல்லிட்டா போதும்."

 அப்புறம் ஊதல் மெதுவாக எழுந்தார்.

"நான்தான் போல இருக்கு. குடிக்கலன்னுதான் நெனைக்கிறேன். ஆனா முன்னாடியும் அப்படித்தான் நெனைச்சிருக்கேன்."

அவர் உட்காருவதற்குள் பின்வரிசையில் இன்னொருவர் எழுந்து, ராத்திரி நன்றாகத் தூங்கியதாகத்தான் நினைவு, ஆனால் தூக்கத்தில் எழுந்து போய்க் குடித்திருந்தால் தெரியாதே என்றார். அதற்குப் பிறகு வரிசையாக எழுந்தார்கள். குடிக்காத குடியை ஆளாளுக்கு ஒப்புக்கொண்டார்கள். தங்கள் மேலேயே நம்பிக்கை இல்லாத இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. டீச்சரே கடைசியில், தைலத்தில் ஏதாவது இருக்குமோ என்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். போதகர் பாவம், யாரை மன்னிப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு விஷயம் பிடிபட்டது. மேசையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்து, உலகத்தில் எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதோ அதைச் சொன்னார்.

"அது வேலை வாசம்."

பாவம் என்கிற மாதிரி யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவர் மேல் தப்பில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து சொன்ன சாட்சியே இதுதானே. வேலை வாசம், வேலை வாசம் என்று பெண்டாட்டியை வருஷக்கணக்கில் ஏமாற்றினேன் என்று அழுது சொன்னவர். அத்தனை பேருக்கும் அந்த வார்த்தை மனப்பாடம். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவை அந்த வார்த்தையை நிஜமாகச் சொல்லியிருக்கிறார், நம்புவதற்கு ஆளில்லை. எனக்கு என்ன கோபம் வந்ததோ, யார் மேல் வந்ததோ, விறுவிறுவென்று முன்னால் போய் மேசையில் குனிந்து முகர்ந்தேன்.

"யாரும் குடிக்கல. இந்த மேசைதான் குடிச்சிருக்கு."

டிரைவர் அண்ணன் ஓடிப்போய் ஜன்னலைத் தள்ளினார். மழையில் கட்டை ஊறி இறுகியிருந்தது, ஒன்று மட்டும் பாதி திறந்தது. போதகர் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை, சாந்தமாகத்தான் கேட்டார்.

"மேசை சரிம்மா. ஆனா மேசையோட வாசத்துக்கு உள்ள ஒரு மனுஷனோட வாசம் ஒளிஞ்சிருந்தா, எனக்கு எப்படித் தெரியும்?"

அவரோடு சண்டை போட முடியவில்லை. அது என்னுடைய கேள்வி. நான் வருஷக்கணக்கில் கேட்ட கேள்வி.

"எனக்குத் தெரியும் ஐயா" என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னேன். குறிகளுக்குக் கீழே, சுவரோரமாக, வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். நான் ஒவ்வொருவராகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி மோந்தேன். டிரைவர் அண்ணன், சுத்தம், பல் வலிக்குக் கிராம்பு. ஊதல், சுத்தம், டிரம்பெட்டின் பித்தளை வாசம். அடுத்தவர் வெங்காயம். ஒரு ஒழுங்குக்காகப் போதகரையும் ஊதச் சொன்னேன், அவரும் ஊதினார், இருமல் மிட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் "இல்லை" என்று சொல்ல, யாரோ பின்னாலிருந்து "ஆமென்" என்றார்கள். இரண்டு மூன்று பேருக்குப் பிறகு எல்லாருமே சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கே அது கொஞ்சம் பிடித்துப்போனது.

டீச்சரிடம் வந்தேன். குனிந்தேன். ஒன்றும் வரவில்லை. குடி வாசம் வரவில்லை என்று சொல்லவில்லை, தைல வாசமே வரவில்லை. நெற்றியில் பூசியது பளபளவென்று கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கு எட்டவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். வெறும் காற்று. அந்த அறையின் ஸ்பிரிட் என் மூக்கை அடித்துப் போட்டுவிட்டது.

இன்னும் வரிசையில் பாதிப் பேர். கடைசியில் என் வீட்டுக்காரர். மூக்கு போய்விட்டது என்று சொன்னால் கதை முடிந்தது. போதகர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போவார், தங்களையே நம்பாத இந்த ஜனங்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்து போவார்கள்.  டீச்சர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

"இல்லை" என்றேன்.

"ஆமென்" என்றார்கள்.

அப்படியே போனேன். ஒன்றுமே தெரியாமல் குனிந்தேன், குனிந்து முகத்தைப் பார்த்தேன். சலவைக்காரி மனுஷர்களின் துணியைப் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்த்ததில்லை. ஒருவருக்கு உதடு நடுங்கியது. ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார். ஒவ்வொருவருக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். அது பொய்யா ஜெபமா என்று எனக்கே தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றேன். வாயைத் திறந்து ஹா என்றார். எதுவும் வரவில்லை. கல்யாணமானதிலிருந்து அந்த மனிதருக்கு இவ்வளவு பக்கத்தில், எதையும் மோந்து பார்க்காமல் நான் நின்றதே இல்லை. கீழ்ப்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது, எப்போது உடைந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. குடித்திருந்தாலும் கலங்கும், பயந்தாலும் கலங்கும். இரண்டில் எது என்று சொல்ல இப்போது என்னிடம் ஒரு கருவியும் இல்லை. ரொம்பப் பயமாக இருந்தது. ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அறை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றேன். மற்றவர்களுக்குச் சொன்னதைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, போதகரே திடுக்கிட்டார். பிறகு அவர்தான் முதலில் "ஆமென்" என்றார்.

ஊதல் ஹாரன் அடிக்காதே குறிக்குக் கீழேயே நின்று டிரம்பெட்டை எடுத்து ஊதினார், பாதித் திறந்த ஜன்னலும் அதிர்ந்தது. போதகர் மேசையில் சாறும் அப்பமும் வைத்தார். பளபளப்பில் கிண்ணம் தலைகீழாகத் தெரிந்தது. மேசைக்கு மட்டும் இன்னும் தெளியவில்லை என்று யாரோ முணுமுணுக்க, திருவிருந்து முடியும்வரை எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அடுத்த மாதமும் வருகிறேன், அதற்குள் ஜன்னலைச் சரிசெய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போதகர் கிளம்பினார். நான் கடவுளோடு பேசினேனா என்று டிரைவர் அண்ணன் கேட்டார். கடவுள்தான் என்னைப் பேச வைத்துவிட்டாரே, அதுவும் அத்தனை பேர் முன்னால், என்றேன்.

வெளியே மழை விட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அறுத்த இன்ஜினுக்குப் பின்னால் போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தார். துணிமணியெல்லாம் முன்னாலேயே கட்டிக்கொண்டு வந்து ஒளித்து வைத்திருக்கிறார். என்ன ஒரு நம்பிக்கை என்று நினைத்தேன், பார்க்காத மாதிரி முன்னால் நடந்தேன். தெருமுனை திரும்பும்போது என் மூக்கு மெல்லத் திரும்பி வந்தது. முதலில் நனைந்த ரோடு, பிறகு யார் வீட்டிலோ காய்கிற துணி, பிறகு பின்னால் வருகிறவருடைய கையிலிருந்து அரக்கு.

வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்தார். நான் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால், பழக்கதோஷம், மனுஷன் குனிந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். மூக்கு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு மூச்சு இழுத்தால் போதும். நான் அந்த மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"வாய மூடிட்டு உள்ள வாங்க, ஈ போயிடப் போகுது."